தாடை மூட்டுத் தேய்மானம்: எலிகளில் பலித்த மருந்து அம்மாவுக்கு எப்போது வரும்?

கேள்வி இது: "அம்மாவுக்கு 68 வயது. ஆறு மாதமாக வாயைத் திறந்தால் காதுக்கு முன்னால் நறநறவென்று சத்தம், சாப்பிடும்போது வலி. ஸ்கேன் எடுத்ததில் தாடை மூட்டு தேய்ந்து தட்டையாகிவிட்டது, எலும்பு முள் மாதிரி வளர்ந்திருக்கிறது என்று எழுதியிருக்கிறார்கள். வயதான செல்களை அழிக்கும் மருந்தால் தாடை மூட்டு சரியாகிறது என்று செய்தி படித்தேன். அது எப்போது வரும்? அதுவரை ஏதாவது வாங்கிக் கொடுக்கலாமா?"

நேரடியாகச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் படித்த செய்தி பொய்யில்லை, ஆனால் அது வயதான எலிகளில் நடந்தது. மனிதத் தாடை மூட்டுக்கென்று அந்த மருந்தை எந்த மருத்துவரும் எழுதித் தரும் நிலை இன்னும் வரவில்லை. அதன் பெயரைப் பார்த்து மருந்துக்கடையிலோ ஆன்லைனிலோ எதையும் வாங்கிவிடாதீர்கள். ஏன் என்று கீழே சொல்கிறேன். அதே நேரம் "ஆராய்ச்சிதானே, நமக்கென்ன" என்று ஒதுக்கிவிடவும் வேண்டாம், ஏனென்றால் இந்தத் துறையில் கடந்த பத்துப் பதினைந்து வருடங்களில் தெரிய வந்த சில விஷயங்கள் உங்கள் அம்மாவுக்கு இன்றைக்கே உதவும். நான் பல் மருத்துவம் படித்துவிட்டு, சில வருடம் ஆய்வுக்கூடத்தில் எலித் தாடை மூட்டுகளைச் சீவிச் சீவி மைக்ராஸ்கோப்பில் பார்த்துக்கொண்டிருந்தவன், இப்போது நோயாளிகளைப் பார்ப்பவன். இரண்டு பக்கமும் தெரிந்த அளவில் எழுதுகிறேன்.

ஆராய்ச்சிக்குப் போவதற்கு முன்னால் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள், இது தள்ளிப்போடக் கூடாதது. ஐம்பது வயதுக்கு மேல், முக்கியமாக எழுபதை ஒட்டி, புதிதாகத் தாடை வலி வந்தால் அது மூட்டு வலியாக மட்டும்தான் இருக்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. நாலு வாய் மென்றதும் தாடை கடுத்து, மெல்வதை நிறுத்தினால் வலி அடங்குகிறதா? நெற்றிப்பொட்டில் புதிதாகத் தலைவலி, தலை வாரும்போது மண்டைத் தோல் வலி, பார்வை மங்குவது, இரண்டிரண்டாகத் தெரிவது, காரணமில்லாத காய்ச்சல், எடை குறைவது என்று ஏதாவது இருக்கிறதா? இருந்தால் அது ரத்தக் குழாய் அழற்சியாக இருக்கலாம். ஜயன்ட் செல் ஆர்ட்டிரைட்டிஸ் என்பார்கள். சிகிச்சை தாமதமானால் கண் பார்வையே போய்விடும், அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். இஎஸ்ஆர், சிஆர்பி என்ற ரத்தப் பரிசோதனைகளில் தொடங்குவார்கள். அதேபோல, மாடிப்படி ஏறினால் தாடை வலித்து உட்கார்ந்தால் போகிறது என்றால் இதயத்தைப் பார்க்க வேண்டும். உங்கள் அம்மாவுக்கு ஆறு மாதமாக நறநற சத்தத்தோடு இருக்கிறது என்பதால் பெரும்பாலும் மூட்டுதான் என்று தோன்றுகிறது, ஆனாலும் இந்தக் கேள்விகளை ஒருமுறை அவரிடம் கேட்டுவிடுங்கள்.

சரி, இப்போது மூட்டு. இதைப் படித்துக்கொண்டே ஆள்காட்டி விரலை காதுத் துளைக்கு ஒரு விரற்கடை முன்னால் வைத்து மெதுவாக வாயைத் திறங்கள். முதலில் உள்ளே ஏதோ உருளும், இன்னும் திறந்தால் அந்த உருண்டை முன்னால் நழுவிப் போய் விரலுக்கடியில் ஒரு சின்னப் பள்ளம் விழும். அந்த உருண்டைதான் கீழ்த்தாடையின் தலை. முழங்கை மாதிரி வெறும் கீல் மூட்டு இல்லை இது, உருண்டுகொண்டே வழுக்கவும் செய்கிறது. இடையில் நடுப்பகுதி மெலிந்த ஒரு தட்டு இருக்கிறது, தலை அசையும்போது கூடவே அதுவும் நகரும். தட்டுக்குக் கீழறையில் உருளல், மேலறையில் வழுக்கல். வலதும் இடதும் ஒரே எலும்பின் இரண்டு முனைகள் என்பதால் ஒன்று தனியாக ஓய்வெடுக்கவும் முடியாது. பேச்சு, சாப்பாடு, கொட்டாவி, எச்சில் விழுங்குவது எல்லாவற்றுக்கும் இது அசைந்தாக வேண்டும். இந்த மூட்டின் கூரையில், அதாவது தாடைத் தலை உட்காரும் குழிக்கும் மூளைக்கும் நடுவில், இருப்பது சுமார் ஒரு மில்லிமீட்டர் எலும்புதான். பின்னால் ஒரு பழைய கதை சொல்லப்போகிறேன், அங்கே இந்த ஒரு மில்லிமீட்டர் திரும்ப வரும்.

முழங்கால், இடுப்பு மூட்டுகளின் மேல் பளபளவென்று கண்ணாடி மாதிரி ஒரு குருத்தெலும்பு இருக்கும். தாடைத் தலையின் மேல் இருப்பது அதுவல்ல, நார் கலந்த குருத்தெலும்பு. கருவில் உருவாகும் விதமே வேறு. எந்தப் பக்கம் இழுத்தாலும் தாங்கும்படி நார்கள் பின்னியிருக்கும், சுமைக்கேற்றபடி வாழ்நாள் முழுக்கத் தன்னை மாற்றியமைத்துக்கொள்ளும் திறனும் அதற்கு அதிகம். ஆகவே "முழங்காலில் பலித்தது தாடையிலும் பலிக்கும்" என்பதும், "முழங்காலில் தோற்றது இங்கேயும் தோற்கும்" என்பதும் இரண்டுமே அவசர முடிவு. நான் பார்த்தவரை நோயாளிகள் மட்டுமல்ல, மருத்துவர்களே இந்த இடத்தில் சறுக்குகிறார்கள்.

இன்னொரு விஷயம், ஸ்கேன். சிபிசிடி என்ற முப்பரிமாண எக்ஸ்ரே ஸ்கேனில் "தட்டையாகியிருக்கிறது, முள் வளர்ந்திருக்கிறது" என்று வருவது வயது ஏற ஏறச் சாதாரணமாகப் பார்ப்பதுதான். வலியோ அப்படியில்லை. தாடை மூட்டு வலி என்று வருபவர்களில் அதிகம் பேர் இருபதிலிருந்து நாற்பது வயதுக்குள் இருப்பவர்கள், அதிலும் பெண்கள். எலும்புத் தேய்மானம் வயதோடு கூடுகிறது, வலியோ நடுவயதுக்குப் பிறகு குறைந்துகொண்டு போகிறது. நெதர்லாந்தில் கிரோனிங்கன் நகரத்தில் போயரிங் என்ற மருத்துவர் 1960களிலேயே தாடை மூட்டுத் தேய்மானம் உள்ளவர்களை ஆவணப்படுத்தி வைத்தார், சுமார் முப்பது வருடம் கழித்து டெ லியூ என்பவரும் சகாக்களும் அதே ஆட்களைத் தேடிப்பிடித்துப் பார்த்தார்கள். மூட்டின் படம் மாறிப்போயிருந்தது, ஆனால் பெரும்பாலானவர்களுக்குத் தொந்தரவு மிகக் குறைந்திருந்தது. நோய் தானாகவே எரிந்து அடங்கிவிடுகிறது என்று இந்தத் துறையில் சொல்வார்கள். படம் மோசமாக இருப்பதும் ஆள் நன்றாக இருப்பதும் ஒரே நேரத்தில் நடக்கும், நான் வாரம்தோறும் பார்க்கிறேன்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், எந்த ஆராய்ச்சிச் செய்தியைப் படித்தாலும் ஒரே ஒரு கேள்வி கேட்கச் சொல்வேன்: அவர்கள் சரிசெய்தது எலும்பையும் குருத்தெலும்பையுமா, அல்லது வலியையா? இரண்டும் ஒன்று என்று நினைத்துக்கொண்டுதான் இந்தத் துறை பலமுறை வழி தவறியிருக்கிறது.

இப்போது நீங்கள் படித்த ஆராய்ச்சிக்கு வருவோம். 1961இல் ஹேஃப்ளிக், மூர்ஹெட் என்ற இருவர் மனிதச் செல்களை வளர்த்துப் பார்த்து, அவை முடிவில்லாமல் பிரிந்துகொண்டே போகாது, ஒரு கட்டத்தில் நின்றுவிடும் என்று காட்டினார்கள். அப்படி நின்றுபோனதைத்தான் மூப்படைந்த செல் என்கிறோம். பிரிவதில்லை, சாவதுமில்லை. சும்மா கிடந்தாலும் பரவாயில்லை, அழற்சியைத் தூண்டும் புரதங்களையும் சுற்றியுள்ள திசுவைக் கரைக்கும் நொதிகளையும் சுரந்துகொண்டே இருக்கும், பக்கத்துச் செல்களையும் தன்னைப் போலவே ஆக்கும். இளமையில் உடலின் எதிர்ப்புச் சக்தி இவற்றைப் பொறுக்கி அகற்றிவிடுகிறது. வயதாக வயதாக அந்த வேலை தளர்கிறது, செல்கள் சேர்ந்துபோகின்றன.

இதைக் கண்ணால் பார்க்க முடியும். எலியின் தாடைத் தலை கிட்டத்தட்ட ஓர் எள்ளளவு. அதைக் கத்தரித்தெடுத்து, சுண்ணாம்புச் சத்து போகும்வரை வாரக்கணக்கில் ஒரு கரைசலில் ஊறவைத்து, மெழுகில் புதைத்து, மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஐந்தாறு பங்கு கனத்துக்குச் சீவ வேண்டும். ஒரு சீவல் சுருண்டுபோனால் அந்த இடம் போனதுதான், மறுபடி கிடைக்காது. சஃப்ரானின் சாயம் போட்டால் குருத்தெலும்பு செக்கச்செவேலென்று வரும், அடியில் எலும்பு பச்சையாக. மூன்று மாத எலியில் அந்தச் சிவப்பு ஒரு கனமான பட்டை, மேலே செல்கள் வரிசை வரிசையாக. இரண்டு வயது எலியில் சிவப்பு வெளிறி, இடையிடையே அறுந்து, சில இடங்களில் எலும்பு மேலே வரை ஏறிவந்திருக்கும். எலிக்கு இரண்டு வயது என்றால் நமக்கு எழுபது மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். மூப்படைந்த செல்களுக்கென்று இன்னொரு சாயம் உண்டு, 1995இலிருந்து புழக்கத்தில் இருப்பது, அந்தச் செல்களை நீலமாகக் காட்டும். முதல் முறை வயதான திசுவில் அந்த நீலத்தைப் பார்த்த நாள் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. வயசு என்று பொதுவாகச் சொல்லிக்கொண்டிருந்த ஒன்று, இதோ இந்த இந்தச் செல் என்று விரல் வைத்துக் காட்டும்படி இருந்தது.

2015இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக் சார்ந்த குழு, டாசாடினிப் என்ற மருந்தையும் குவெர்செட்டின் என்ற பொருளையும் சேர்த்துக் கொடுத்தால் மூப்படைந்த செல்கள் அதிகமாகச் சாகின்றன என்று வெளியிட்டது. டாசாடினிப், ஒரு வகை ரத்தப் புற்றுநோய்க்கு 2006இலிருந்து அங்கீகாரம் பெற்ற மருந்து. குவெர்செட்டின், வெங்காயம், ஆப்பிள் தோலில் எல்லாம் இருக்கிற ஒரு சேர்மம். அப்புறம் 2021இல் கனெக்டிகட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மிங் ஷூ, சுமித் யாதவ் உள்ளிட்ட குழு இதே ஜோடியைத் தாடை மூட்டில் பார்த்தது. வயதான எலிகளின் தாடை மூட்டில் மூப்படைந்த செல்கள் சேர்ந்திருப்பதைக் காட்டி, மருந்து கொடுத்த எலிகளில் குருத்தெலும்புச் சிதைவு குறைந்து, அடியில் உள்ள எலும்பும் மேம்பட்டதாகக் கண்டார்கள். நீங்கள் படித்த செய்தி அநேகமாக இதிலிருந்து கிளைத்ததுதான்.

இந்த ஆய்வின் மேல் எனக்கு உண்மையான மரியாதை உண்டு. தாடை மூட்டு ஆய்வுகளில் பெரும்பாலானவை இளம் எலியின் மூட்டை வேண்டுமென்றே காயப்படுத்தி, ஊசியால் ரசாயனம் ஏற்றித் தேய்மானத்தை வரவழைத்துவிட்டு, அதற்கு மருந்து தேடுபவை. அதில் வேகமாகப் பதில் கிடைக்கும், ஆனால் உங்கள் அம்மாவின் மூட்டை யாரும் ஊசியால் கெடுக்கவில்லை, அது வயதால் தேய்ந்தது. எலிகளை இரண்டு வருடம் காத்திருந்து வயதாக்கிப் பார்ப்பது பொறுமையும் பணமும் தின்னும் வேலை. அப்படிச் செய்தவர்கள் சரியான கேள்வியைப் பிடித்திருக்கிறார்கள்.

ஆனால் இங்கிருந்து அம்மாவின் தாடைக்கு உள்ள தூரம் சின்னதில்லை. எலி கொறிக்கிற பிராணி, அதன் தாடை முன்பின்னாக ஓடும், நம்முடைய மூட்டின் முன்னால் இருக்கிற எலும்பு மேடு அதற்கு அப்படி இல்லை. "சாப்பிடும்போது வலிக்கிறதா" என்று எலியிடம் கேட்கவும் முடியாது. முகச்சுளிப்பு, தொட்டால் விலகுவது என்று சுற்றிவளைத்துத்தான் அளக்க வேண்டும். சிவப்புப் பட்டை கனத்தால் வலி குறைந்துவிட்டது என்று அர்த்தமில்லை.

மனிதர்களில் இந்த யோசனைக்குக் கிடைத்த ஒரு பெரிய பரீட்சை முழங்காலில் நடந்தது. 2017இல் எலிகளின் காயப்பட்ட முழங்காலில் மூப்படைந்த செல்களை அகற்றினால் தேய்மானம் குறைகிறது என்று நேச்சர் மெடிசின் இதழில் வந்தது, எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தோம். யூனிட்டி பயோடெக்னாலஜி என்ற நிறுவனம் யுபிஎக்ஸ்0101 என்ற மருந்தை 183 பேரின் முழங்காலில் ஊசியாகப் போட்டுப் பார்த்தது. 2020 ஆகஸ்டில் முடிவு வந்தது: பன்னிரண்டு வாரத்தில் வலியில் மருந்தில்லாத வெற்று ஊசிக்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை. அந்த நிறுவனம் முழங்கால் முயற்சியை அதோடு நிறுத்திக்கொண்டது. அது வேறு மருந்து, வேறு மூட்டு, ஒரே ஊசி, ஆகவே யோசனையே செத்துவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். எலியின் குருத்தெலும்பில் பார்த்தது மனிதனின் வலியில் அப்படியே வரும் என்ற நம்பிக்கை மட்டும் அன்றைக்கு உடைந்தது, அது உடைந்தது நல்லதுதான்.

டாசாடினிப்பை நீங்களாக வாங்கக் கூடாது என்று ஏன் சொல்கிறேன் என்றால், அது ரத்தத் தட்டணுக்களைக் குறைக்கும், நுரையீரலைச் சுற்றி நீர் கோக்க வைக்கும், இதயத் துடிப்பின் ஒழுங்கைப் பாதிக்கலாம், வேறு மருந்துகளோடு மோதும். 68 வயதில் பிரஷர் மாத்திரையோ ரத்தம் நீர்க்கச் செய்யும் மாத்திரையோ எடுப்பவராக இருந்தால் இன்னும் ஆபத்து. மனிதர்களில் டாசாடினிப், குவெர்செட்டின் ஜோடியின் முதல் சோதனை 2019இல் வெளிவந்தது, பதினான்கே பேர், அவர்களும் நுரையீரல் இறுகிப்போகும் கொடிய நோய் உள்ளவர்கள். குணமாக்கும் என்று நிரூபிக்க நடந்ததில்லை அது, கொடுத்துப் பார்க்கலாமா என்று பார்க்க நடந்தது. குவெர்செட்டின் மட்டும் டப்பாவில் "இளமை திரும்பும்" என்று விற்கிறார்கள், அதைத் தனியாகக் கொடுத்தால் இந்த ஆய்வுகளில் கண்ட பலன் வரும் என்பதற்கு அடிப்படை கிடையாது. அந்தக் காசுக்கு அம்மாவுக்கு நல்ல பழம் வாங்கிக் கொடுங்கள்.

வேறு பாதைகளிலும் வேலை நடக்கிறது. எனக்கு மிகவும் பிடித்தது கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மில்ட்ரெட் எம்ப்ரீ குழு 2016இல் வெளியிட்டது. தாடைத் தலையின் மேற்பரப்பிலேயே, ஒரு மெல்லிய அடுக்கில், புதுச் செல்களை உருவாக்கக்கூடிய ஸ்டெம் செல்கள் குடியிருக்கின்றன என்று காட்டினார்கள். வெளியிலிருந்து செல்லைக் கொண்டுவந்து நட வேண்டாம், இருப்பதைக் காப்பாற்றினால் போதும் என்ற எண்ணம் அங்கிருந்து வந்தது. அந்தச் செல்களைச் சீக்கிரம் தீர்த்துவிடுகிற ஒரு சமிக்ஞையை அடக்க, ஸ்கிளிரோஸ்டின் என்ற புரதத்தை மூட்டு காயப்பட்ட முயல்களுக்கு ஊசியாகப் போட்டார்கள், குருத்தெலும்பு ஓரளவு மீண்டது. ஸ்கிளிரோஸ்டின் எலும்பு வளர்ச்சிக்கு பிரேக் போடுகிற புரதம், அதைத் தடுக்கிற ஒரு மருந்தை, எலும்பு மெலிந்துபோகும் எலும்புப்புரை நோய்க்குத் தருகிறார்கள். ஒரே புரதம் எலும்புக்கு ஒரு மாதிரி, குருத்தெலும்புக்கு இன்னொரு மாதிரி. அம்மா எலும்புப்புரைக்கு ஏதாவது ஊசியோ மாத்திரையோ எடுத்துக்கொண்டிருந்தால் இதைப் படித்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள், முயலுக்குப் போட்டது மூட்டுக்குள் தனியாக.

இன்னொரு பக்கம், தேய்ந்த பாகத்தையே வளர்த்து வைப்பது. கலிபோர்னியாவில் அதானசியூ குழு 2018இல், விலா எலும்புக் குருத்திலிருந்து எடுத்த செல்களால் மூட்டுத் தட்டுக்கு ஒட்டுத்துண்டு வளர்த்து, தட்டில் ஓட்டை போட்ட மினி பன்றிகளில் வைத்தது, எட்டு வாரத்தில் அந்த ஓட்டை நன்றாக மூடி, மூட்டின் சிதைவும் குறைந்திருந்தது. செல்கள் வேறு பன்றியுடையவை, ஆனாலும் உடல் பெரிதாக எதிர்க்கவில்லை. 2020இல் கொலம்பியாவின் வுன்யாக்-நோவாகோவிச் குழு பன்றியின் சொந்தக் கொழுப்பிலிருந்து எடுத்த செல்களைக் கொண்டு, ஸ்கேன் பார்த்து அந்தப் பன்றியின் அளவுக்கே எலும்பும் குருத்தெலும்பும் சேர்ந்த துண்டை வளர்த்துத் தாடையில் பொருத்தி ஆறு மாதம் பார்த்தது. பன்றியை எடுக்கக் காரணம், அதன் மூட்டும் மெல்லும் விதமும் நம்முடையதற்கு நெருக்கம். இவை மூட்டே உருக்குலைந்துபோனவர்களுக்கு ஒரு நாள் பெரிய வரமாக இருக்கும். வயதால் நறநறக்கிற மூட்டுக்கு யாரும் இவ்வளவு தூரம் போக வேண்டியிருக்காது.

"பன்றியில் பலித்துவிட்டதே, ஏன் இன்னும் தயங்குகிறார்கள்" என்று கேட்பவர்களுக்கு அந்தப் பழைய கதையைச் சொல்வேன். 1980களில் அமெரிக்காவில் வைடெக் என்ற நிறுவனம், ப்ரோபிளாஸ்ட், டெஃப்லான் என்ற செயற்கைப் பொருள்கள் சேர்ந்த ஒரு தகட்டை, தாடை மூட்டுத் தட்டுக்குப் பதிலாக வைக்க விற்றது. 1983இல், ஏற்கெனவே சந்தையில் இருந்த பொருளுக்குச் சமமானது என்ற அடிப்படையில், பெரிய மனிதச் சோதனை இல்லாமலேயே அனுமதி கிடைத்தது. மெல்லும் விசையில் தகடு துகள் துகளாகப் பொடிந்தது. அந்தத் துகள்களைத் தின்ன வந்த செல்கள் ஒன்றுகூடி அரக்கச் செல்களாகி, சுற்றியிருந்த எலும்பையே அரித்தன. மேலே சொன்ன அந்த ஒரு மில்லிமீட்டர் கூரை, சிலருக்கு ஓட்டையாகிப் போனது. 1990இல் நிறுவனம் திவாலானது, அதே வருடம் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரிக்கை விடுத்தது, 1992இல் அமெரிக்கக் காங்கிரஸில் விசாரணை நடந்தது. ஆயிரக்கணக்கானவர்கள், பெரும்பாலும் பெண்கள், அறுவை மேல் அறுவை செய்துகொண்டு தீராத வலியோடு வாழ்ந்தார்கள். தானும் அந்தத் தகட்டால் பாதிக்கப்பட்ட டெரி கவ்லி என்ற பெண்மணி, 1986லேயே இன்னொருவரோடு சேர்ந்து நோயாளிகளுக்கென்று ஒரு சங்கத்தைத் தொடங்கி, கடைசிவரை இதற்காகப் பேசினார். இன்றைக்குத் தாடை மூட்டு ஆய்வில் "முதலில் காட்டு, பிறகு வை" என்று கறாராக இருப்பதற்கு அந்த நோயாளிகள் கொடுத்த விலைதான் காரணம். தாமதத்தைப் பார்த்து எரிச்சல் வரும்போது எனக்கு அவர்கள் ஞாபகம் வருகிறது.

வலிப் பக்கம் நடந்த வேலையையும் சொல்லியாக வேண்டும். 2006இல் அமெரிக்காவில் ஆப்பெரா என்ற பெரிய ஆய்வு தொடங்கியது. தாடை வலி இல்லாத ஆயிரக்கணக்கானவர்களை வருடக்கணக்கில் பின்தொடர்ந்து யாருக்கு வருகிறது என்று பார்த்தார்கள். உடம்பில் வேறு வேறு இடங்களில் வலி, தூக்கம் கெடுவது, பொதுவாக உடல்நலம் சரியில்லாதது, மன அழுத்தம் இவையெல்லாம் முன்னறிவிப்பாக இருந்தன. தாடை வலி தாடைக்குள் மட்டும் இருக்கிற விஷயமில்லை என்று அது நிலைநாட்டியது. 2020இல் அமெரிக்கத் தேசிய அகாடமிகள் வெளியிட்ட பெரிய அறிக்கையும் பல் மருத்துவத்துக்கும் பொது மருத்துவத்துக்கும் நடுவில் இந்த நோயாளிகள் அலைக்கழிக்கப்படுகிறார்கள், ஆதாரமில்லாத சிகிச்சைகள் நிறைய நடக்கின்றன என்று வெளிப்படையாக எழுதியது. நம் ஊரிலும் காது மூக்கு தொண்டை மருத்துவர், பல் மருத்துவர், எலும்பு மருத்துவர் என்று சுற்றி வருபவர்களைத் தினம் பார்க்கிறேன்.

இப்போது அம்மாவுக்கு என்ன செய்யலாம். 2023 கடைசியில் பிஎம்ஜே என்ற மருத்துவ இதழில், மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் தாடை வலிக்கு ஒரு வழிகாட்டுதல் வந்தது. அதில் உறுதியாகப் பரிந்துரைத்தவை: தாடைப் பயிற்சியும் நீட்டலும், பயிற்சி பெற்றவர் கையால் தாடையை அசைத்துவிடுவது, தசை முடிச்சுகளைக் கையால் அழுத்திவிடுவது, கழுத்து, உடல் நிலைப் பயிற்சி, வலியை எதிர்கொள்ளும் விதத்தை மாற்றும் மனநல ஆலோசனை. பல்லின் மேல் மாட்டிக் கழற்றும் பிளேட், மூட்டை வழவழப்பாக்க உள்ளே போடும் ஹயலுரானிக் ஊசி, குளூக்கோசமைன் மாதிரி குருத்தெலும்புச் சத்து, தசையைத் தளர்த்தும் போடாக்ஸ் ஊசி, லேசர், மூட்டைக் கழுவுவது எல்லாவற்றுக்கும் பொதுவாக வேண்டாம் பக்கம்தான் சாய்ந்தார்கள். கடியைத் திரும்பி வர முடியாதபடி மாற்றிவிடும் பிளேட்டையும், மூட்டுக்குள் இருக்கும் தட்டை வெட்டியெடுப்பதையும் உறுதியாக வேண்டாம் என்றார்கள். இதில் எனக்குச் சின்ன மாறுபாடு உண்டு. வாய் திடீரென்று பூட்டிக்கொண்டு இரண்டு விரல்கூட நுழையாதவர்களுக்கு, 1991இல் நிட்சானும் சகாக்களும் அறிமுகப்படுத்திய, இரண்டு ஊசி வழியாக மூட்டின் மேலறையைக் கழுவும் முறை சட்டென்று வாயைத் திறந்துவிடுவதை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் வெறும் நறநற சத்தத்துக்காக யாராவது ஊசி போடலாம் என்றால் ஏன் என்று கேளுங்கள். போடாக்ஸைப் பொறுத்தவரை இன்னும் ஒரு தயக்கம். மெல்லும் தசையைத் தளர்த்திய எலி, முயல்களில் அடியில் உள்ள தாடைத் தலை எலும்பு மெலிந்துபோனது. மூட்டுக்கு அளவான சுமை வேண்டும். ஏற்கெனவே எலும்பு மெலிந்த வயதில் அதைக் கழற்றிவிட எனக்கு மனம் வராது.

வீட்டில் செய்ய வேண்டியது இது. வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துண்டைக் கன்னத்தில் பதினைந்து நிமிடம். பிறகு கண்ணாடி முன் உட்கார்ந்து, "ந" என்று சொல்லும்போது நாக்கு நுனி மேல்வாயில் எங்கே தொடுகிறதோ அங்கேயே நாக்கை ஒட்டி வைத்துக்கொண்டு, நாக்கு விடுபடாத அளவுக்கு மட்டும் மெதுவாக வாயைத் திறந்து மூட வேண்டும். தாடை ஒரு பக்கம் கோணாமல் நேராக இறங்குகிறதா என்று கண்ணாடியில் பார்க்கச் சொல்லுங்கள். ஆறு தடவை, ஒரு நாளைக்கு ஐந்தாறு முறை. மற்ற நேரமெல்லாம் உதடு சேர்ந்திருக்கலாம், பல் சேர்ந்திருக்கக் கூடாது. மேல் பல்லும் கீழ்ப் பல்லும் தொட வேண்டியது மெல்லும்போதும் விழுங்கும்போதும்தான், ஆனால் காய் நறுக்கும்போது, சீரியல் பார்க்கும்போது பலர் கடித்துக்கொண்டே இருக்கிறார்கள். பல் செட் போட்டிருந்தால், அது தேய்ந்து உயரம் குறைந்திருக்கிறதா என்று ஒருமுறை காட்டுங்கள். வலி மாத்திரை வேண்டியிருந்தால் அவருடைய சிறுநீரகம், பிரஷர், வயிறு தெரிந்த மருத்துவரைக் கேட்டு, சில நாட்களுக்கு மட்டும். ஆறு முதல் எட்டு வாரம் இப்படிப் போகட்டும். குறையவில்லை, வாய் திறக்கும் அளவு சுருங்குகிறது, கடி ஒரு பக்கமாக மாறுகிறது என்றால் வாய் முக அறுவை மருத்துவரிடமோ முகவலி பார்ப்பவரிடமோ போங்கள். பழைய ஸ்கேனைக் கையோடு எடுத்துப் போங்கள், புதிதாக எடுத்தால் அதோடு ஒப்பிட்டுப் பார்க்கத்தான் அது தேவை.

கேள்வியின் கீழே, முறுக்கு சீடை எல்லாம் நிறுத்திவிட வேண்டுமா, அவருக்கு அது உயிர் என்று எழுதியிருந்தீர்கள். வலி இருக்கிற இந்தச் சில வாரங்களுக்கு இட்லி, குழைந்த சாதம், நன்றாக வெந்த காய் என்று போகட்டும், அதற்காகக் கஞ்சியிலேயே வைத்துவிடாதீர்கள். வலி அடங்கியதும் முறுக்கைச் சின்னதாக உடைத்து, இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி மென்று சாப்பிடட்டும். சத்தம் வந்தாலும் வலி இல்லையென்றால் சாப்பிடலாம் என்று அவரிடம் சொல்லுங்கள்.